தானியேலின் சிவப்பு மை

ரயிலைவிட்டு இறங்கி நேரே சம்பந்த முதலியார் வீட்டுக்கு வந்த சூசையம்மாள் உட்காரவும் இல்லை, கொடுத்த மோரைத் தொடவும் இல்லை. அவள் புருஷன் ஆரோக்கியசாமி ஆம்பூரில் அப்துல் ஹமீத் சாகிபின் தோல் ஷாப்பில் கிளார்க். முந்தின நாள் காலையில், தோல் ஊறப்போடும் ஆவாரம்பட்டைத் தொட்டியில் பிணமாகக் கிடந்தான். ஆபீஸ் மேசைமேல் அவன் கையெழுத்தில் ஒரு இங்கிலீஷ் கடிதம். போலீஸ்காரர்கள் அதைப் பார்த்துவிட்டுத் தற்கொலை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். தற்கொலை என்றால் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்குள் இடமில்லை என்று சர்ச் சாமியார் சொல்லிவிட்டார். சாயங்காலம் வரைதான் பொறுப்பாராம். இந்த வெயிலில் அதற்குமேல் பிணமும் பொறுக்காது.

"சுவருக்கு வெளியே பொதைக்கச் சொல்றாங்க ஐயா," என்றாள். "யாரோ மிரட்டி எழுதவெச்சிக் கொன்னுட்டாங்க. அதை மட்டும் நீங்க நிரூபிச்சிட்டா அவர் உள்ளே படுத்துப்பார்."

அவளிடம் இரண்டு காரணங்கள் இருந்தன. கடிதத்தைப் படித்த பள்ளிக்கூட வாத்தியார், இங்கிலீஷில் ஒரு புள்ளிகூடத் தப்பில்லை என்று மெச்சினாராம். ஆரோக்கியசாமிக்கோ கோலனும் செமிகோலனும் ஜென்மத்தில் வந்ததில்லை. தூக்கத்தில்கூட அவற்றைச் சொல்லிப் பிதற்றுவான். இன்னொன்று, பிணத்தின் இடது கைவிரல் முட்டிகளில் இரண்டு புதுத் தழும்புகள், கோடு போட்டாற்போலக் கன்றிக் கிடந்தன.

முதலியார் ஜில்லா கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கள்ளப் பத்திரத்தை முகர்ந்தே பிடிப்பார் என்று வேலூரில் பேச்சு. அவர் மறுக்கவும் மாட்டார். நான் கண்டுபிடிப்பது உனக்குப் பிடிக்காததாக இருந்தால் என்ன செய்வாய் என்று அவளைக் கேட்டார். உண்மைதானே, வரட்டும் என்றாள், பாவி மகள்.

ஆம்பூருக்கு அவர்கள் கூடவே கிளம்பினான் கங்காதரன். குடியாத்தத்துத் தறிக்காரக் குடும்பம். தறியை விட்டுவிட்டு வக்கீல் குமாஸ்தா ஆனவன். முதலியார் எங்கே போனாலும் பின்னாலேயே போய், அவருக்கு முன்னால் குற்றவாளியைப் பிடித்துவிட வேண்டும் என்று துடிப்பான். இதுவரை பிடித்ததில்லை. இந்தத் தடவை ரயிலிலேயே பிடித்துவிட்டான். சூசையம்மாள் சொன்ன ஹெட் கிளார்க் தானியேலின் பெயரை அவன் மனசு கெட்டியாகப் பற்றிக்கொண்டது.

தானியேலைப் பார்த்ததும் சந்தேகம் உறுதியாகிவிட்டது. மூடிய கோட்டு, வெள்ளைத் தலைப்பாகை, கையில் ஒரு கருங்காலி ரூல்தடி. முகத்தில் துக்கத்தின் நிழல்கூட இல்லை. அப்துல் ஹமீத் சாகிபுதான் பாவம், வாய் ஓயாமல் பேசினார். ஒரு காலத்தில் தன் கடிதங்களைப் பார்த்து லண்டன் தரகர்கள் சிரித்தார்களாம். தானியேல் வந்தபிறகு அந்தப் பேஜாரே இல்லையாம். கிளார்க்குகள் மட்டக் காகிதத்தில் டிராப்ட் எழுதி அவர் மேசையில் வைப்பார்கள். அவர் சிவப்பு மையில் திருத்துவார். திருத்தின டிராப்டைக் கையில் வைத்திருப்பவனுக்குத்தான் பூட்டைத் திறந்து நல்ல காகிதம் ஒரு தாள் கொடுப்பார். நகல் எடுத்ததும் டிராப்டைக் கம்பியில் குத்திவிட வேண்டும். சாகிபே ஒரு தாள் வேண்டுமென்றாலும் இதே சட்டம்தான் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

முதலியார் சாகிபிடம் சாவுக் கடிதத்தை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கனமான, வழவழப்பான தாள். பிறகு, சூசையம்மாளுக்குப் புரியட்டும் என்று தமிழில் சொன்னார். என் சாவுக்கு யாரும் பொறுப்பில்லை; நான் களைத்துப்போனேன். நான் விட்டுப்போகிறவை மூன்று: ஒரு மனைவி, ஒரு மகள், ஒரு குடை. அவ்வளவுதான் கடிதம். குடை என்றதும் அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"இவ்வளவு சுத்தமா எழுத இந்த ஆபீசில் ஒருத்தராலதான் முடியும்," என்று கங்காதரன் தானியேலை நோக்கி விரலை நீட்டினான். "இவர் சொல்லச் சொல்ல அவன் எழுதியிருக்கான். மாட்டேன்னதுக்கு விரல்ல அடி."

 முதலியார் எழுந்துபோய், சுவரோரம் இருந்த கம்பியிலிருந்து டிராப்டுகளை ஒவ்வொன்றாக உருவினார். ஆட்டுத்தோல் விலை, கப்பல் தேதி, இன்ஷூரன்ஸ். நாலாவது காகிதத்தில் அவர் கை நின்றது. கங்காதரன் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தான். அதே வாசகம், அதே கையெழுத்து, மட்டக் காகிதம். இரண்டு இடத்தில் சிவப்பு மை.

விஷயம் அவனுக்கும் விளங்கிவிட்டது. காதோடு காதாகக் கெஞ்சினான். "முதலியார், அதை மடிச்சி உள்ளே வெச்சிக்குங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

"அப்புறம் இந்த ஆள் தூக்கில் தொங்குவான்."

"தொங்கட்டுமே."

"இவன் கொலை பண்ணலைடா," என்று சொல்லிவிட்டு முதலியார் திரும்பினார். குரல் வழக்கம்போல நிதானமாகத்தான் இருந்தது. அந்த நிதானத்தின்மேல் கங்காதரனுக்கு முதல்முறையாக வெறுப்பு வந்தது.

"கடிதம் நல்ல காகிதத்தில் இருக்கு," என்றார் முதலியார். "இங்கே நல்ல காகிதம் கிடைக்கணும்னா திருத்தின டிராப்ட் வேணும். அதனாலதான் கம்பியைத் தேடினேன். ஆரோக்கியசாமியை யாரும் எழுதவைக்கலை. தானே எழுதி, இந்த ஆபீசில் எதையும் எப்படிச் செய்வானோ அப்படியே இதையும் ஹெட் கிளார்க்கிட்ட காட்டியிருக்கான். திருத்தாத இங்கிலீஷ் வெளியே போகக்கூடாதுங்கிறது அவன் எலும்பில் ஊறிப்போச்சு. இதில் இரண்டு தப்பு. விரல்ல இரண்டு தழும்பு. சரிதானா, தானியேல்?"

சாகிபு நாற்காலியில் சாய்ந்து அல்லாவை அழைத்தார். தானியேல் மறுக்கவே இல்லை. டிராப்டை வாங்கிப் பாடம் நடத்துகிறவர் மாதிரி காட்டினார்.

"பாருங்க. ரெண்டு வாக்கியமும் தனித்தனியா நிக்கக்கூடியது. நடுவுல கமா போட்டிருந்தான், செமிகோலன் வரணும். பின்னால பட்டியல் வருது. அதுக்கு முன்னால கோலன் வரணும், செமிகோலன் போட்டிருந்தான். இத்தனை வருஷம் சொல்லிக் குடுத்தும் அதே தப்பு. ஒரு தப்புக்கு ஒரு அடி, அது எல்லாருக்கும்தான்."

"என்ன எழுதியிருக்குன்னு படிச்சீரா?"

"படிக்காம எப்படித் திருத்துறது? அன்னிக்குக் காலையில வேலையை விட்டு நிறுத்திடுவேன்னு சொல்லியிருந்தேன். பயமுறுத்துறான்னு நெனச்சேன். இந்த மாதிரி நாடகம் நெறைய பாத்திருக்கேன்."

 சூசையம்மாள் மெதுவாக, மரியாதை குறையாமல் கேட்டாள்.

"நீங்க திருத்தும்போது அவர் எங்க இருந்தார் ஐயா?"

"எதிர்லதான் நின்னுட்டிருந்தான்."

"எதுனா சொன்னாரா?"

"இல்ல. முடியறவரைக்கும் காத்திருந்தான்."

"அப்புறம்?"

"நல்ல காகிதம் ஒண்ணு எடுத்துக் குடுத்தேன்," என்றார் தானியேல். "நன்றி சொல்லி வாங்கிட்டுப் போனான்."

அவரைத் தண்டிக்க எந்தச் சட்டத்திலும் வழியில்லை. கமாவைச் செமிகோலனாக்குவது குற்றமில்லை. ஆரோக்கியசாமியைச் சாயங்காலம் சுவருக்கு வெளியே, கள்ளிச் செடிகளை வெட்டி இடம் பண்ணிப் புதைத்தார்கள். சூசையம்மாள் முதலியாரைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை, கும்பிட்டுவிட்டுப் போனாள்.  திரும்பும் ரயில் நகர்ந்த பிறகு, அவளுக்காக ஒரு பொய் சொல்லியிருக்கலாமே என்றான் கங்காதரன். முதலியார் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, சொல்லியிருக்கலாம்தான் என்றார்.

அடுத்த வாரம் மதராஸ் இங்கிலீஷ் பத்திரிகையில் ஒரு சின்ன விளம்பரம் வந்தது. ஆம்பூர் தோல் ஷாப்புக்கு ஆள் தேவை: ஒரு கிளார்க், இங்கிலீஷ் நன்றாக எழுதத் தெரிந்தவர். கங்காதரன் அதை இரண்டு தடவை படித்தான். கோலன் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.