பத்தாயக் கதவு

நன்னிலத்துக்குப் பக்கத்தில் ஆற்றை ஒட்டியிருந்த அந்தப் பழைய மாடிவீட்டுக்குச் செம்மொழி குடிவந்தது ஐப்பசி மாதத்து மழைநாள் ஒன்றில். உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் அவள் உடற்கல்வி ஆசிரியை. இரண்டு பெட்டி, ஒரு பாய், குத்துச்சண்டைப் பயிற்சிக்கு ஒரு ஸ்பீட் பேக். அவ்வளவுதான் சாமான். தலைக்கு மேல் படுக்கைவசமாக ஒரு பலகை, அதன் அடியில் தொங்கும் சின்னத் தோல் பை. ஒரு குத்து விட்டால் பலகையில் மூன்று முறை மோதிவிட்டுக் கைக்குத் திரும்பும். அடுத்த மாதம் மாநிலக் குத்துச்சண்டைத் தேர்வு.

சுவரில் பலகையை மாட்டி முதல்நாள் குத்தியதுமே வீடு முழுக்க அதிர்ந்தது. வீட்டுக்கார அம்மா கமலாம்பாள் மூச்சு வாங்கப் படியேறி வந்தார்.

"ஏம்மா, மாடியில என்ன நெல்லு குத்துறியா?"

"பாக்ஸிங் பயிற்சிம்மா."

"கீழ அவரு வாதம் வந்து படுத்திருக்காரு. ஒவ்வொரு அடிக்கும் ஒடம்பு தூக்கிப் போடுது. நெஞ்சு தாங்காதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. சத்தமில்லாம செய்ய முடிஞ்சா செய். இல்லாட்டி வேற எடம் பாத்துக்க."

செம்மொழி இறங்கிப்போய்ப் பார்த்தாள். கூடத்துக் கட்டிலில் கிடந்த அவர் கணவர் நடராசனுக்கு எழுபது வயதிருக்கும். வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. இடக்கை மட்டும் போர்வையைக் கசக்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"இனிமே சத்தம் வராது ஐயா. நான் பாத்துக்கறேன்."

மறுநாள் தச்சர் குணசேகரன் வந்தார். "லேசான பலகைன்னா தவில் மாதிரி பேசும் டீச்சர். நல்ல கனமான மரம் வேணும். சுவத்தைத் தொடவே கூடாது. தனியா நாலு காலு நட்டு, அடியில டயரை வெட்டிக் குடுத்தா அதிர்வு கீழ எறங்காது."

கனமான மரம் பின்கட்டில் இருந்தது. நெல் கொட்டிவைக்கும் பழைய பத்தாயம். ஓர் ஆள் நிற்கலாம், அவ்வளவு உயரம். அதன் கதவு மூன்று விரல் தடிமன்.

"சும்மாதான கெடக்கு, எடுத்துக்க" என்றார் கமலாம்பாள். "அடியில ஒரு படி நெல்லு இருக்கும். படுக்கையில விழுறவரைக்கும் வருஷா வருஷம் அறுப்பு முடிஞ்சதும் அவரே கொண்டுவந்து போடுவாரு. ஏன்னு கேட்டா சொல்லமாட்டாரு."

குணசேகரன் அந்த நெல்லை வழித்துக் கோழிக்குப் போட்டார். கதவைக் கூடம் வழியாகத் தூக்கிப்போனபோது நடராசனின் இடக்கை உயர்ந்து காற்றில் ஆடியது. ஈ ஓட்டுகிறார் என்று நினைத்தார்கள்.

சட்டம் நன்றாக அமைந்தது. அன்று மாலை செம்மொழி குத்தியபோது துணி உதறுகிற சத்தம்தான் வந்தது. அவளுக்கு ஒரே சந்தோஷம். பையைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

தட். தட். தட்.

பை அசையவில்லை. மழைத்தண்ணீர் ஒழுகுகிறது போலும் என்று எண்ணிக்கொண்டாள்.

மறுநாள் கால்களுக்கு அடியில் தேங்காய்நார் மெத்தையும் போட்டாள். அவளுடைய சத்தம் இன்னும் குறைந்தது. குறையக் குறைய மற்றது தெளிவாகக் கேட்டது. அவள் மூன்று தட்டுத் தட்டி நிறுத்தினால், பலகைக்கு மேலிருந்து மூன்று தட்டு பதிலாக வந்தது. நெற்றியில் ஏதோ உதிர்ந்தது. தொட்டுப் பார்த்தாள்.

உமி.

மூன்றாம் நாள் பள்ளிவிட்டு வந்தவளை மாடிப்படி அடியிலேயே கமலாம்பாள் மறித்தார். "உன் சத்தம் நின்னுச்சுன்னு நிம்மதியா இருந்தேன். இன்னிக்கு ஏம்மா ரெண்டு மணிலேர்ந்து மூணு மூணா தட்டுற? அவருக்கு மூச்சு இழுக்குது."

"நான் இப்பத்தாம்மா வர்றேன்."

இருவரும் மேலே பார்த்தார்கள்.

தட். தட். தட்.

செம்மொழி மேலே ஓடினாள். அறையில் பழைய நெல்லின் புழுக்க வாடை அடைத்துக்கிடந்தது. ஸ்டூலில் ஏறிப் பலகையின் மேற்பக்கத்தைப் பார்த்தாள். அதுதான் கதவின் உட்பக்கம். கதவாக நின்றபோது முழங்கால் உயரத்தில் இருந்திருக்கக்கூடிய இடத்தில், மரத்தில் நகங்கள் இழுத்த கோடுகள்.

காதருகே வறண்ட குரல்.

"தெறங்கய்யா."

எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. கீழே நடராசனின் இடக்கை கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. மூன்று மூன்றாக. இரண்டு வருஷமாகப் பேசாத வாய் திறந்தது.

"தெற... தெற..."

கமலாம்பாள் தரையில் உட்கார்ந்துவிட்டார். "கல்யாணமான புதுசுல ஒரே ஒரு தடவ சொன்னாரு. பண்ணையாள் ஐயாவு பசிக்கு ஒரு படி நெல்லு எடுத்துட்டான்னு, இவங்கப்பா அவனப் பத்தாயத்துல போட்டுப் பூட்டிட்டாராம். இவரு அப்ப சின்னப் பையன். ராத்திரி பூரா தட்டுன சத்தம் இவருக்குக் கேட்டுதாம். சாவி எங்க இருக்குன்னும் தெரியுமாம். அப்பாவுக்குப் பயந்துகிட்டுப் படுத்திருந்தாராம். விடிஞ்சு தெறந்தா..."



இத்தனை வருஷம் கழித்து வெளியிலிருந்து யாரோ தட்டியிருக்கிறார்கள். திறக்க வந்துவிட்டார்கள் என்று ஐயாவு நினைத்திருப்பார்.  செம்மொழி குணசேகரனைக் கூப்பிட்டு, கதவைப் பழையபடி பத்தாயத்தில் மாட்டச் சொன்னாள்.

"கொளுத்திடலாம் டீச்சர். வேணாம் இந்த வம்பு."

"கொளுத்திட்டா, தட்டுறவரு என்ன செய்வாரு?"

கீலில் ஆணி இறங்கியதும் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

உள்ளிருந்து மூன்று தட்டு.

குணசேகரன் சுத்தியலைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார். செம்மொழி சாமியை வேண்டிக்கொண்டு கதவைப் பிடித்து இழுத்தாள். முதலில் வரவில்லை; உள்ளேயிருந்தும் யாரோ தள்ளியதுபோல் பிறகு சட்டென்று திறந்தது.

"வெளிய வாங்க ஐயாவு" என்றாள்.  "வந்து சாப்பிடுங்க."

இருட்டிலிருந்து வெக்கையான மூச்சு ஒன்று அவள் கன்னத்தை உரசிக்கொண்டு போனது. கமலாம்பாள் கணவருடைய தட்டிலேயே சோறும் குழம்பும் போட்டு, ஒரு சொம்புத் தண்ணீரோடு கொண்டுவந்து வைத்தார். கூடத்தில் நடராசன் கண்ணை மூடி அழுதார். அழுதபடியே தூங்கிப்போனார். வாதம் வந்தபின் அவர் அப்படித் தூங்கியதே இல்லையாம். மூச்சு சீராக இருந்தது.

மறுநாள் முதல் பத்தாயத்தில் ஒரு படி நெல் போடப்பட்டது. கதவை யாரும் சாத்தவில்லை.

மேலே குணசேகரன் மாம்பலகை ஒன்றை மாட்டிவிட்டுத் தலையைச் சொறிந்தார். "இது கனம் பத்தாது டீச்சர். சத்தம் கேக்கத்தான் செய்யும். அவரு முழிச்சுக்காம பாத்துக்கங்க."

அவர் போனபின் செம்மொழி மெதுவாக ஒரு குத்து விட்டாள்.

சத்தம் இல்லை.

பலமாக விட்டாள். பை பறந்துபோய் மோதித் திரும்பியது. பலகை அதிரவில்லை. துணி உதறும் சத்தம்கூட எழவில்லை. பலகைக்கும் பைக்கும் நடுவே ஒரு கை பொத்திக்கொண்டிருந்தால் எப்படியிருக்குமோ, அப்படி.

கீழே நடராசன் தூங்கிக்கொண்டிருந்தார்.

அவள் பையைத் தன் பக்கம் திருப்பினாள். கறுப்புத் தோலில் உமித்தூசி. அதில் அகலமான ஓர் உள்ளங்கையின் அச்சு.

ஐந்து விரல் நுனியும், மரத்தைச் சுரண்டித் தேய்ந்ததுபோல், நகமில்லாமல் மழுங்கியிருந்தன.