ஜன்னல் பக்கம் சாய்ந்த செடி

மழைக்குத் தப்பி, மூச்சிரைக்க மாலைநேரக் கணினி ஓவிய வகுப்புக்குள் ஓடிவந்தாள் அவள். பகலெல்லாம் மருந்துக்கடையில் மாத்திரை அட்டைகளை வரிசை பிசகாமல் அடுக்குகிறவள். அவள் எப்போதும் உட்காரும் ஐந்தாம் எண் கணினியில் யாரோ விட்டுப்போன படம் திறந்திருந்தது. முழுக்கக் கறுப்பில் ஒரு செடியின் நிழலுருவம். ஆனால்... தண்டு இடப்பக்கம் சாய்ந்திருந்தது. ஓர் இலை போல இன்னோர் இலை இல்லை.

அவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. தண்டை நிமிர்த்தினாள். ஒரு பக்கத்து இலைகளை நகலெடுத்து, திருப்பி, மறுபக்கம் ஒட்டினாள். சேமித்து மூடினாள்.

"ஐயோ... என் செடி எங்கங்க?"

திரும்பினாள். தலைமுடியில் மழை சொட்ட ஒருவன். நகக்கண்ணில் செம்மண். கண்கள்... அடேயப்பா, கோபத்திலும் இப்படியா மின்னும்!

"கோணலா இருந்துச்சு. சரி பண்ணினேன்."

"கோணல் இல்லைங்க, ஜன்னல் பக்கம் சாயுது. வெளிச்சம் எங்கயோ, செடி அங்க. எங்க நாற்றுப்பண்ணை போர்டுக்கு நாலு நாளா வரைஞ்சேன்!"

"இது என் இடம்."

"பேரு எழுதி ஒட்டியிருக்கீங்களா?"

மன்னிப்பு நாக்கு நுனிவரை வந்தது... விழுங்கிவிட்டாள். அவன் அதே வரிசையின் வலது ஓரத்து நாற்காலிக்குப் போனான்.

அதன்பிறகு அவள் பாடத்தையா கவனித்தாள்? அவன் கண்ணை மூடுவான், விரல் நுனியால் காற்றில் ஓர் இலையைத் தடவுவான், பிறகு மவுஸை நகர்த்துவான். இலை மூச்சு விடுவதுபோல் விரியும். எனக்கு நகலெடுக்க மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை அந்த நாற்காலி காலி.

"இதெல்லாம் தனக்கு ஒத்துவராதுன்னு நின்னுட்டாரும்மா," என்றார் ஆசிரியர்.

வீட்டில் நடந்ததைக் கேட்ட அக்கா விடவில்லை. "ஸாரின்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் சுளுக்கிக்குமாடி?"

மறுநாள் மருந்துக்கடை ஜன்னலோரத் தொட்டிச் செடியை முதல்முறையாக உற்றுப் பார்த்தாள். மூன்று நாள் வரைந்தாள். அழித்தாள். மறுபடி வரைந்தாள். பிறகு ஆசிரியரிடம் வழி கேட்டு, அச்செடுத்த தாளோடு அவனுடைய நாற்றுப்பண்ணை வாசலில் போய் நின்றாள்.

"ஸாரி... உங்க செடியைக் கெடுத்தது தப்பு. இது போர்டுக்கு ஆகுமா பாருங்க."

அவன் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினான். பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஒரு இலைகூட ஒட்டலையா?"

"பதினேழும் தனித்தனியா வரைஞ்சது."

"அழகா இருக்குங்க... நிஜமாவே. ஆனா என் செடி இடப்பக்கம்ல சாயும்? இது வலப்பக்கம் சாயுதே?"

அவள் குனிந்து தரையைப் பார்த்தாள்.

"அஞ்சாம் நம்பர்ல உக்காந்து பாருங்க, புரியும்... உங்க நாற்காலி வலது ஓரத்துலதானே இருந்துச்சு."

அவன் காது மடல் சிவந்தது. தாளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"அப்போ நாளைக்கு ஆறாம் நம்பர்ல வந்து உக்கார்றேன். அவ்வளவு தூரம் சாஞ்சா... உங்களுக்குக் கழுத்து வலிக்கும்ல?"