ஆளில்லாத கல்

வாடைக்காற்று கடலிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. கல்லறைத் தோட்டத்துச் சுடர்கள் எல்லாம் ஊர்ப் பக்கம் சாய்ந்து துடித்தன. கிருபை ஏற்றிய சுடர் மட்டும் கடல் பக்கமாக, தனக்கு முன்னாலிருந்த கல்லை நோக்கிச் சாய்ந்து நின்றது. கல்லுக்குள்ளிருந்து யாரோ மூச்சை உள்ளே இழுப்பதுபோல.

அது ஜெனரல் கல். பாளையக்காரர்களோடு நடந்த சண்டையில் நெஞ்சில் ஈட்டி வாங்கி விழுந்த ஊர்ப்படை ஜெனரல் ஒருவருக்கு எழுப்பியது. மேலே பளிங்கில் ஒரு தொப்பியும் வாளும். உடல் கிடைக்கவில்லை என்று கீழே வெட்டியிருந்தது.

கிருபையின் புருஷன் சுந்தரராஜுக்கும் உடல் இல்லை. கொழும்பில் குண்டு விழுந்த வாரம் வெங்காயம் ஏற்றிப் போன தோணியோடு போனவன். தோணியும் வரவில்லை, ஆளும் வரவில்லை. போன வருஷக் கல்லறைத் திருநாளுக்கு அவள் மெழுகுவர்த்தி ஏற்ற மறுத்துவிட்டாள். ஏற்றினால் செத்துப்போனான் என்று அவளே ஒத்துக்கொண்டதாகிவிடும். இந்த வருஷம் நாத்தனார் ஜெபசெல்வி விடவில்லை. ஆள் கிடைக்காதவர்களுக்கு நடுச் சிலுவையடியில்தான் ஏற்றுவார்கள். யுத்த வருஷம், அங்கே கால் வைக்க இடமில்லை.

"இதுவும் ஆளில்லாத கல்லுதான மைனி, இங்கன வச்சிரு" என்றாள் ஜெபசெல்வி.

காவல்காரர் சொரிமுத்து தாண்டிப் போகையில் நின்றார். "ஜெனரலுக்கு யாருளா புதுசா சொந்தக்காரி?"

"அவரக் குத்துனது ஒங்க பூட்டன்தானாமே அண்ணாச்சி. நீங்களும் ஒரு கும்பிடு போட்டுட்டுப் போங்க" என்று மடக்கினாள் ஜெபசெல்வி.

அவர் சிரித்துக்கொண்டே போனார்.

"பேரச் சொல்லிக் கூப்பிட்டு, நிம்மதியா இளைப்பாறுங்கன்னு சொல்லணும்" என்றாள் ஜெபசெல்வி. "இன்னிக்காவது அண்ணன் பேரச் சொல்லு மைனி."

கிருபை வாய் திறந்தாள். கல்யாணமான நாளிலிருந்து புருஷன் பேரைச் சொல்லிப் பழகாத நாக்கு எழவில்லை. இளைப்பாறச் சொல்லவும் மனம் வரவில்லை. கல்லைப் பார்த்து மெல்லச் சொன்னாள்:

"ஏங்க, வீட்டுக்கு வந்துருங்க."

அப்போதுதான் சுடர் சாய்ந்தது.

இருட்டுக்கு முன் எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும் என்று யுத்த உத்தரவு. சொரிமுத்து வரிசையாக அணைத்துக்கொண்டு வந்தார். அவளுடையதை அணைக்க வேண்டியிருக்கவில்லை. திரி கல் பக்கமாக வளைந்து, புகைகூட விடாமல் கறுத்துக் கிடந்தது.

விளக்கில்லாத தெருவில் உப்பும் ஈரமும் கலந்த காற்றோடு வேறொரு வாடையும் கூட வந்தது. குவித்துப் போட்ட முத்துச்சிப்பி வெயிலில் அழுகும் வாடை, அதற்கடியில் நனைந்த தோலின் வாடை. ஜெபசெல்வி தன் தெருவுக்குத் திரும்பிய பிறகும் பின்னால் காலடிச் சத்தம் நிற்கவில்லை. ஆணி அடித்த பூட்ஸ் கல்லில் படும் சத்தம், அதையொட்டி ஏதோ இரும்பு தரையில் இழுபடும் சத்தம். அவள் நின்றால் அதுவும் நின்றது.

வீட்டுக்குள் வந்து தாழ்ப்பாள் போட்டாள். அரிக்கேன் விளக்கை ஏற்றிக் கண்ணாடியை இறக்கினாள். வெளியே சத்தம் எதுவும் இல்லை.

சுடர் சாய்ந்தது. கண்ணாடிக்குள்ளே. கதவு இருந்த பக்கமல்ல. அறையின் மூலைக்கு.

அந்த மூலையில்தான் அவனுடைய பிரம்பு நாற்காலி. அதன் மேல் ஆணியில், அவன் கழற்றிப் போட்டபடியே விட்டிருந்த வெள்ளைச் சட்டை. ஆணியில் சட்டை இல்லை.

நாற்காலியில் இருந்தது. பொத்தான்கள் கழுத்துவரை போட்டிருந்தன. தோள் மெல்ல நிமிர்ந்தது. கைகள் புடைத்தன. மார்பு உப்பியது. இடது மார்பில் மட்டும் துணி உள்ளே குழிந்து கிழிந்தது. குழி வழியே பின்னாலிருந்த பிரம்புப் பின்னல் தெரிந்தது.

கதவு தட்டும் சத்தம். ஒற்றை விரலால். இரண்டு தட்டு, விட்டு ஒன்று. அவன் தட்டுவது. பிறகு இருமல். அவன் இருமல்.

"ஏளா கிருபை. நாந்தான். நடக்க முடியல, கதவத் தெற."

உயிரோடுதான் இருக்கிறான். வாசலில் நிற்கிறான். உள்ளே வரக் கூடாது. கத்தினாள். சத்தம் வாயைத் தாண்டியதும் மூலைக்கு இழுபட்டுப் போயிற்று. எஞ்சியது ஒரே ஒரு சொல். இத்தனை வருஷம் சொல்லாதது. அதைச் சொன்னால் அவனுக்கு விளங்கும். ஏதோ சரியில்லை என்று விளங்கும். ஓடிவிடுவான்.

"சுந்தரராஜ்."

"என்ன?" என்றது வெளியே ஒரு குரல்.

"என்ன?" என்றது நாற்காலி. அதே குரல்.

சட்டை எழுந்தது. பூட்ஸ் சத்தம் அவளைத் தாண்டிப் போயிற்று. வெறும் சட்டைக்கை தாழ்ப்பாளைப் பற்றி, பொறுமையாக, சத்தமில்லாமல் இழுத்தது.