காலி வண்டியின் பாரம்

காலி வண்டி பின்பக்கம் தாழ்ந்து நிற்காது. மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றினால் தாழும். இறக்கிவிட்டால் ஸ்பிரிங் பட்டை நிமிர்ந்து ஒரு சாண் எழும்பிக்கொள்ளும். ஆனால் அப்பாதுரையின் பிக்கப், திண்டிவனத்தில் அவன் வீட்டுப் பின்வாசலில், ஒரு துரும்புகூட ஏற்றாமல், ஐந்து நாளாக முழுப் பாரத்தோடு இருப்பதுபோல் அமுங்கியே நின்றது.

ஷாக் போய்விட்டது என்று முடிவு கட்டினான். ஷாக் அப்சார்பர் குலுக்கலை அடக்குமே தவிர, பாரத்தைத் தாங்குவது பட்டைதான் என்பது பதினோரு வருடம் ஸ்டியரிங் பிடித்தவனுக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். வேண்டாத எண்ணம் ஒன்று வாசலில் வந்து நிற்கும்போது, மனிதன் கையில் அகப்பட்ட காரணத்தை எடுத்துக் கதவை அடைத்துவிடுகிறான். அவனும் விழுப்புரம் போய்ப் புது ஷாக் ஒரு ஜோடி வாங்கி வந்தான். வளைகாப்பு முடிந்த அம்சாவை நாளைக் காலையில் கெடாருக்கு, அவள் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துத் தரித்த பிள்ளை. பள்ளத்தில் வண்டி இறங்கி அந்த வயிறு குலுங்கிவிடக் கூடாது என்பதுதான் அவனுக்கு இராப்பகலாக இருந்த கவலை.

ஐப்பசி மழை சற்றே விட்டிருந்த பிற்பகல். ஜாக்கியை வைத்தால் அது சேற்றுக்குள் இறங்கியது. மூலையில் கிடந்த கல்லைப் புரட்டி வந்து அடியில் கொடுத்தான்.

அந்தக் கல் வந்த வழியை அம்சாவிடம் அவன் சொல்லவில்லை. மண்டகப்பட்டுத் திருப்பத்தில் ஒரு சுமைதாங்கி இருந்தது. நட்ட கல் இரண்டு, மேலே படுக்க வைத்த கல் ஒன்று. பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டே செத்தவளுக்காக நட்டுவைப்பது. வழிப்போக்கர்கள் தலைச்சுமையை அதன்மேல் இறக்கி மூச்சு வாங்க வாங்க, இறக்காமலே போனவளின் சுமையும் இறங்கும் என்பார்கள். மேல்கல் இரண்டாக உடைந்து புல்லில் கிடந்தது. ‘இப்ப யாரு தலையில தூக்கினு போறாங்க, எல்லாம் லாரிதான்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஜாக்கிக்கு ஆகும் என்று ஒரு பாதியைப் போன வெள்ளிக்கிழமை வண்டியில் ஏற்றிக்கொண்டான். வீட்டுக்கு வந்ததும் கல்லை இறக்கினான். வண்டி எழும்பவில்லை.

ஜாக்கி ஒவ்வொரு பல்லுக்கும் முனகியது. முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, சாக்கை விரித்து அடியில் நுழைந்தான். கிரீஸும் பெட்ரோலும் நனைந்த மண்ணும் கலந்த, அவனுக்குப் பழகிய வாசனைதான் முதலில் வந்தது. அப்புறம், துருவேறிய நட்டுக்கு மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துக்கொண்டு மல்லாந்து கிடந்த நேரத்தில், அதற்கும் அடியிலிருந்து பூண்டும் மஞ்சளும் வேப்பிலையுமாக, பிள்ளை பெற்ற வீட்டு வாசனை ஒன்று மெல்ல மெல்லக் கிளம்பி வந்தது. அம்சா எதையாவது அரைக்கிறாளோ என்று காது கொடுத்தான். அம்மிச் சத்தம் இல்லை.

பழைய ஷாக்கைக் கழற்றி இரண்டு முனையையும் பிடித்து இழுத்துப் பார்த்தான். கல்லாட்டம் இருந்தது. எண்ணெய் ஒரு சொட்டு கசியவில்லை. மற்றதும் அப்படியே. ஆனாலும் புதியதை மாட்டினான். கை வேலையை விட்டுவிட்டால் நினைக்க வேண்டிவரும் என்று பயந்தான்.

ஜாக்கியை இறக்கினான். சக்கரம் தரையைத் தொட்டது. வண்டி தாழ்ந்தது. பழையபடி.

கடைசி நட்டை முறுக்க மறுபடி அடியில் புகுந்தான். தலைக்கு மேலே பலகை கிறீச்சிட்டது. இடப்பக்கத்துப் பட்டை அமுங்கியது. பிறகு வலப்பக்கம். படுத்திருப்பவர் புரண்டு படுக்கும் அசைவு. அதன்பின் ஒரு பெருமூச்சு. கூடை சுமந்தவள் நடுவழியில் நின்று விடுகிற மூச்சு.

ஸ்பேனர் கைநழுவிச் சேற்றில் விழுந்தது. எடுக்கவில்லை.

“ஏங்க, மணி அஞ்சாவுது. ஒரு வாய் காப்பித் தண்ணி குடிச்சிட்டு செய்யக்கூடாதா?”

அம்சா. அவனுக்கு அவள் பாதங்கள் மட்டுமே தெரிந்தன. மெட்டி போட்ட, வீங்கிய பாதங்கள்.

“இங்க வராத. உள்ள போ!”

“இன்னாத்துக்கு கத்துறீங்க? இடுப்பு உட்டுப்போவுது, செத்த குந்திக்கிறேன்.”

“அம்சா, வண்டில குந்தாத! ஐயோ, குந்தாதடி!”

பாதங்கள் தரையை விட்டு எழும்பின. பின்பலகையில் உட்கார்ந்துவிட்டாள்.

வண்டி தாழவில்லை. எழும்பியது. பட்டைகள் ஒவ்வொன்றாக நிமிர, ஒரு சாண் உயரம், மெதுவாக, முழுப் பாரத்தையும் யாரோ இறக்கிவிட்டதுபோல் எழும்பியது.

“அட, நல்லாயிடுச்சிங்களே!” என்றாள் அம்சா. உடனே, “யம்மா...” என்றாள்.

இறங்கினாள். பாதம் இரண்டும் கணுக்கால்வரை சேற்றில் இறங்கின. பிடுங்கிப் பிடுங்கி நடந்து வீட்டுக்குள் போனாள்.

அப்பாதுரை தவழ்ந்து வெளியே வந்தான். காலி வண்டி காலி வண்டியாக நின்றது. பாவி மனம், அந்த ஒரு நொடி சந்தோஷப்பட்டுவிட்டது. அப்புறம்தான் தடங்களைப் பார்த்தான். அவனுடையவை மேலாகப் பதிந்திருந்தன. அவளுடையவை குழிகள். அவற்றில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

ஓடினான்.

கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தாள். கயிறு தரையைத் தொட்டிருந்தது. கட்டில் கால்கள் நான்கும் சாணம் மெழுகிய தரையைப் பிளந்து இறங்கிக்கொண்டிருந்தன.

“அம்சா! எழுந்திரு, அம்சா!”

தோளுக்கடியில் கை கொடுத்தான். அசைக்க முடியவில்லை. மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். அதுவும் அசையவில்லை. ஒரு விரல். ஒரு விரலைக்கூடத் தூக்க முடியவில்லை.

அவள் கண்ணைத் திறந்தாள். நடுரோட்டில் முன்பின் தெரியாதவனைப் பார்க்கிற பார்வை. கொஞ்சம் கூச்சம்கூட இருந்தது அதில்.

“அண்ணே,” என்றாள், அவனைப் பார்த்து. “ரொம்ப தூரம் சொமந்துகினு வந்துட்டேன். ஒரு கை புடிங்கண்ணே.”

சிரித்தபடியே, வயிற்றை இரண்டு கைகளாலும் அடியோடு ஏந்தி, மெல்லத் தூக்கி, அவன் பக்கம் நீட்டினாள்.