காணாமல் போன எழுபத்தைந்து மீட்டர்

புதன்கிழமை, காலை 9.10. திருட்டு தெரியவந்தது.

பூட்டு உடையவில்லை. அலமாரி கலையவில்லை. காணாமல் போனது எழுபத்தைந்து மீட்டர்.

பெரிய டாக்டரம்மா கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். காலில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டவர்கள் அறுபது பேர். முப்பது பேருக்கு, மருந்து தடவிய பலூனைக் குழாய்க்குள் விட்டு விரித்து, அடைப்பைத் திறந்திருந்தார். இதயத்தில் பல வருடமாக நடக்கிற வேலை. முழங்காலுக்குக் கீழே அவருக்கு இதுதான் முதல் முயற்சி. மற்ற முப்பது பேருக்கு நடைப்பயிற்சி வகுப்பு. மாத்திரை எல்லாருக்கும் ஒன்றே. மூன்று மாதம் கழித்து அறுபது பேரும் ஒரே வராந்தாவில் ஆறு நிமிடம் நடந்து காட்ட வேண்டும். எத்தனை மீட்டர் என்பதுதான் தீர்ப்பு.

சிகிச்சைக்கு முன் இரு தரப்பும் சராசரியாக 290. இப்போது நடைப்பயிற்சிக்காரர்கள் 340. பலூன்காரர்கள் 265.

"குழாய் திறந்திருக்கு. ஸ்கேன்ல ரத்தம் தடையில்லாம ஓடுது. கால் மட்டும் நடக்க மாட்டேங்குது" என்றார் டாக்டரம்மா.

எதிரே இருந்த பெண் அந்த எண்களைக் குறித்துக்கொண்டாள். ஆராய்ச்சித் தாள்களைச் சரிபார்க்க மேற்பார்வைக் குழு அனுப்பியவள். ஐம்பது வயது. ஆஸ்பத்திரிகளில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். அவளுக்கு அது தெரியும். பிடிக்கவும் செய்யும்.

"குழு எப்ப கூடுது?" என்றாள் சல்லடை.

"வெள்ளிக்கிழமை நாலு மணி. இந்த எண்ணைப் பார்த்தா ஆராய்ச்சியை நிறுத்திடுவாங்க. ஏழாம் வார்டுல ஒரு அம்மா படுத்திருக்காங்க. பலூன் பிரிவுல அடுத்த ஆள் அவங்கதான். விரல் நிறம் மாற ஆரம்பிச்சிருக்கு. அனுமதி இருந்தா திங்கட்கிழமை பலூன். இல்லேன்னா அதே திங்கட்கிழமை, அதே மேஜையில, காலை எடுக்கணும்."

கதவு திறந்தது. ஓட்டக்காரர் காலணி, கையில் தண்ணீர்ப் புட்டி. நடைப்பயிற்சி வகுப்பை நடத்துகிறவர். நடை டாக்டர் என்றால்தான் அவரை எல்லாருக்கும் தெரியும்.

"மனசை விட்டுடாதீங்க மேடம்," என்றார் டாக்டரம்மாவிடம். "குழாயைத் திறக்கிறது பிளம்பர் வேலை. காலை நடக்க வைக்கிறது வேற வேலை."

"பிளம்பர் இல்லாத வீட்ல இருந்து பாருங்க, தெரியும்" என்றார் டாக்டரம்மா.

நடை டாக்டர் மனம்விட்டுச் சிரித்தார். சல்லடை சிரிக்கவில்லை.

காலை 10.30. வராந்தா.

சல்லடை நாடாவைத் தரையில் விரித்தாள். கோட்டிலிருந்து கோட்டுக்கு முப்பது மீட்டர். ஒரு விரற்கடைகூடக் கூடவில்லை, குறையவில்லை. நேரக் கடிகாரத்தை இரண்டு கைபேசிகளோடு வைத்துப் பார்த்தாள். சரியாக ஓடியது.

அளவு எடுக்கிறவர் ஓரமாகக் கைகட்டி நின்றார். ஒல்லியான மனிதர். இஸ்திரி கலையாத சட்டை.

"யாருக்குப் பலூன், யாருக்குப் பயிற்சின்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியக் கூடாதுங்க. தெரியாது."

"ஊகிச்சுச் சொல்லுங்க." நோயாளிகளின் இருபது எண்களை நீட்டினாள்.

அவர் யோசித்து யோசித்துக் குறித்தார். பத்து சரி, பத்து தப்பு. கண்ணை மூடிக்கொண்டு குறித்திருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும். ஆள் பொய் சொல்லவில்லை.

"நடக்கிறதுக்கு முன்னால பத்து நிமிஷம் உட்கார வைக்கணும்னு விதி இருக்கே?"

"வெளியே பெஞ்சு இருக்குங்க. அங்க உட்கார்ந்துட்டுத்தானே வர்றாங்க. நான் உள்ளேயே இருப்பேன். ஆள் முகம் பார்த்துப் பேச்சுக் கொடுக்கக் கூடாதுன்னு உத்தரவு. கதவு திறந்ததும் நாடி பார்ப்பேன். எழுதுவேன். நடக்க விடுவேன்."

தாள்களைப் புரட்டினாள். ஒவ்வொன்றிலும் ஐந்து கட்டம். எண், நேரம், நடக்கும் முன் நாடி, மீட்டர், நடந்த பின் நாடி.

எண் 31. நேரம் 9.00. நாடி 102. மீட்டர் 248.

எண் 32. நேரம் 9.20. நாடி 74. மீட்டர் 351.

எண் 35. நேரம் 9.40. நாடி 98. மீட்டர் 260.

"சிலருக்கு நாடி எகிறுதே?"

"பரீட்சைன்னாலே பயம்தானுங்களே" என்றார் அவர்.

சல்லடை தாள்களைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை, காலை 11.00. ஏழாம் வார்டு.

கட்டிலில் இருந்த அம்மாவின் இடது காலில் இரண்டு விரல்கள் கருநீலம். பக்கத்தில் நாற்காலியில் அவள் கணவர், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அவருக்கும் கால் அடைப்பு. அவர்தான் எண் 31. ஒரே வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரே நோய்.

"பொருத்தம் பார்த்துக் கட்டி வச்சாங்கம்மா," என்றாள் அந்த அம்மா. "வேற எதுலயும் ஒத்துப்போகல. இதுல ஒத்துப்போச்சு."

"டெஸ்ட்ல நீங்க நடந்தது 248 மீட்டர்" என்றாள் சல்லடை கண்டக்டரிடம்.

"அபாண்டம்! தினம் வீட்லேருந்து மார்க்கெட்டுக்குப் போய் வர்றேன். முன்னே நாலு இடத்துல நின்னு கால் பிடிப்பேன். இப்ப ஒரு இடத்துலகூட இல்ல."

"அப்ப டெஸ்ட்ல மட்டும் ஏன்?"

அவர் தரையைப் பார்த்தார். மனைவி முந்திக்கொண்டாள்.

"நான் சொல்றேன். டெஸ்ட் முடிச்சு நேரா இங்க வந்தாரு. செருப்பு பூரா மண்ணு. புது டவல் கொடுத்திருந்தாங்க, அதுல துடைச்சாரு. நர்ஸ் என்னைத் திட்டிட்டுப் போனா. இவரை ஒண்ணும் சொல்லல."

"மண்ணா?"

சல்லடை எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். முன்வாசலிலிருந்து படி வரைக்கும் சிமெண்ட்டுத் தரை. காலில் ஒட்ட ஒரு பிடி மண் கிடையாது.

"எந்த வழியா வந்தீங்க?"

"பின்வாசல். அப்படித்தான் வரச் சொன்னாங்க. அங்கேருந்து மேட்டுல ஏறணும். சலவைக் கொட்டகையைத் தாண்டி, பாய்லரைத் தாண்டி. பாதை முழுக்கத் தோண்டிப் போட்டிருக்கு. அதுவும் டெஸ்ட்ல ஒரு பாகம்னு நினைச்சேன்மா. விடக் கூடாதுன்னு மூச்சைப் பிடிச்சுட்டு ஏறினேன்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"பரீட்சை கஷ்டம்னு யார்கிட்டப் போய்ச் சொல்றது? பெயிலாக்கிட்டா?"

"இந்தப் புத்தியாலதான் கடைசி வரைக்கும் கண்டக்டராவே இருந்தாரு" என்றாள் மனைவி. பிறகு குரல் இறங்கியது. "நாளைக்கு என்ன முடிவு பண்ணுவாங்கம்மா?"

சல்லடை அந்தக் கருநீல விரல்களைப் பார்த்தாள். வேகமாக வெளியே போனாள்.

பகல் 12.15. தொலைபேசி மேஜை.

நோயாளிகளுக்குத் தேதி சொல்கிற பெண் போனில் இருந்தாள். "ஒன்பது மணிக்கு டெஸ்ட் ஐயா. எட்டே முக்காலுக்குப் பின்வாசலுக்கு வந்தாப் போதும்."

போனை வைத்ததும் சல்லடை கேட்டாள். "ஏன் பின்வாசல்?"

"இதோ, சீட்டு ஒட்டியிருக்காங்க அக்கா."

தொலைபேசியின் முதுகில் ஒரு துண்டுக் காகிதம். அச்சடித்த ஒரே வரி: ‘நடைப் பரிசோதனைக்கு அழைக்கப்படுகிறவர்களைக் கால் மணி நேரம் முன்னதாகப் பின்வாசல் வழியாக வரச் சொல்லவும்.’ கையெழுத்து இல்லை.

"யார் ஒட்டினது?"

"தெரியாது. அஞ்சு மாசம் இருக்கும். ஒரு திங்கட்கிழமை வந்து பார்த்தா இருந்துச்சு. இங்க சீட்டு ஒட்டாத ஆள் யாரு? போன வாரம் மின்விசிறிக்கே ஒருத்தர் சீட்டு ஒட்டினாரு."

"டெஸ்ட்டுக்கு வர்ற எல்லாருக்கும் நீதான் போன் பண்றியா?"

"முன்னே எல்லாருக்கும். இப்ப பாதிப் பேருக்குத்தான். மீதிப் பேருக்கு நேர்லயே சொல்லிடறாங்க. இவங்களுக்கு மட்டும்." ஒரு பட்டியலை நீட்டினாள். முப்பது பெயர். அருகே எண்கள்.

31. 35. 38. 41.

சல்லடை அந்தப் பட்டியலை இரண்டு முறை படித்தாள்.

"உனக்கு இந்த முப்பது பேர் யாருன்னு தெரியுமா?"

"நோயாளிங்க" என்றாள் அந்தப் பெண், இதிலென்ன சந்தேகம் என்பதுபோல.

பகல் 2.30. பின்வாசல்.

சல்லடை தன் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். 72. நடந்தாள். மேடு சின்னதாகத் தெரிந்தது. சலவைக் கொட்டகை வந்தபோது பெரிதாகிவிட்டது. பாய்லர் அருகே சட்டை முதுகில் ஒட்டியது. பதின்மூன்று நிமிடம் கழித்து வராந்தாப் பெஞ்சை அடைந்தாள். மறுபடி நாடியைப் பிடித்தாள். 108.

எட்டே முக்காலுக்குக் கிளம்புகிற அறுபது வயதுக்காரர் ஒன்பதுக்கு இங்கே வந்து நிற்பார். பெஞ்சில் உட்கார ஒரு நிமிடம் இருக்காது. கதவு திறக்கும். டெஸ்ட் தொடங்கும்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். பிறகு டாக்டரம்மாவைத் தேடிப் போனாள். "நாளைக்குக் காலையில வரக்கூடிய ஆட்களோட நம்பர் எல்லாம் கொடுங்க. நானே போன் பண்றேன்."

வெள்ளிக்கிழமை, மாலை 4.00. குழு அறை.

நீள மேஜை. குழுவில் மூன்று பேர். தலைவர் வெள்ளைத் தலை, கறார் முகம். ஒரு பக்கம் டாக்டரம்மா. எதிர்ப்பக்கம் நடை டாக்டர், தண்ணீர்ப் புட்டியோடு.

"பலூன் தோத்துடுச்சு. வேற என்ன பேச இருக்கு?" என்றார் தலைவர்.

"தோற்கல," என்றாள் சல்லடை. "தோற்கடிச்சிருக்காங்க."

அவள் பைக்குள்ளிருந்து தாள்களை எடுத்து விரித்தாள்.

"எல்லாரும் நாலாவது கட்டத்தைப் படிச்சோம். மீட்டர். மூணாவது கட்டத்தை யாரும் படிக்கல. நடக்கும் முன் நாடி. பயிற்சிக்காரங்க எல்லாரும் எழுபது, எழுபத்தஞ்சு. பலூன்காரங்க எல்லாரும் நூறை ஒட்டி. அளவு எடுக்கிறவர் பரீட்சை பயம்னாரு. ஒரு தரப்புக்கு மட்டும் எப்படிப் பயம் வரும்? இவங்க டெஸ்ட்டுக்கு முன்னாலயே ஒரு டெஸ்ட் நடந்து முடிச்சுட்டு வந்திருக்காங்க. பின்வாசல்லேருந்து மேடேறி."

சீட்டை மேஜைமேல் வைத்தாள்.

"இன்னைக்குக் காலையில பலூன்காரங்க பதினொரு பேர் முன்வாசல் வழியா வந்தாங்க. இருபது நிமிஷம் உட்கார வச்சேன். அதே வராந்தா, அதே ஆள், அதே கடிகாரம். சராசரி 405. பயிற்சிக்காரங்க மூணு பேர் சம்மதிச்சுப் பின்வாசல் வழியா வந்தாங்க. அவங்க 262."

டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

"சீட்டை எழுதினது யாரு?" என்றார் தலைவர்.

"அதுக்கு ஒரே ஒரு விஷயம் தெரிஞ்சிருக்கணும். போன் போறது பலூன்காரங்களுக்கு மட்டும்தான்னு. போன் பண்ற பெண்ணுக்கே அது தெரியாது. அளவு எடுக்கிறவருக்கும் தெரியாது."

"பெரிய டாக்டரம்மாவுக்குத் தெரியுமே" என்றார் நடை டாக்டர்.

"யாருக்குப் பலூன்னு தெரியும். யாருக்குப் போன்னு தெரியாது. தெரிஞ்சிருந்தாலும், தன் பலூனைத் தானே குத்துவாங்களா?" சல்லடை அவர் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு யார் யார் பலூன்காரங்கன்னு தெரியுமா டாக்டர்?"

"எனக்கு எப்படித் தெரியும்? பட்டியல் பூட்டியிருக்கு."

"உங்க வகுப்புக்கு வர்ற முப்பது பேரைத் தெரியுமா?"

"தெரியும்."

"மீதி யாரு?"

அவர் புட்டியின் மூடியைத் திருகினார். திறக்கவில்லை.

"அஞ்சு மாசம் முன்னால போன் மேஜைக்குப் போய், ‘என் ஆட்களுக்கு நானே வகுப்புல சொல்லிடறேன், உனக்கு எதுக்கும்மா கஷ்டம்’னு சொன்னது யாரு?"

"உதவி பண்ணினேன்."

"உங்க உதவிக்கு அப்புறம் போன் பட்டியல்ல பலூன்காரங்க மட்டும்தான் மிச்சம். அப்படி மிச்சம் பண்ணினது நீங்க. அதே வாரம் சீட்டு வந்துச்சு. உங்க ஆட்களுக்கு வகுப்புல என்ன சொன்னீங்க? முன்வாசல், அரை மணி முன்னால, பெஞ்சுல நல்லா உட்காருங்க. மூணு பேர் இன்னைக்கு எழுதிக் கொடுத்திருக்காங்க. ஓய்வு எவ்வளவு முக்கியம்னு இந்த ஆஸ்பத்திரியிலேயே அதிகம் தெரிஞ்சவர் நீங்கதான்."

நடை டாக்டர் புட்டியை மேஜைமேல் வைத்தார். பேசியபோது குரலில் சிரிப்பு இல்லை.

"பதினஞ்சு வருஷமா சொல்லிட்டு இருக்கேன். நடந்தாப் போதும், குணமாகும். யாரும் கேட்கல. ஒரு பலூன் வந்துச்சு, எல்லாரும் அது பின்னால ஓடிட்டாங்க."

"நடக்கிறது குணமாக்குது டாக்டர்," என்றாள் சல்லடை. "290 இருந்தவங்களை 340 ஆக்கியிருக்கீங்க. அந்த அம்பது மீட்டர் நிஜம். கத்தி இல்லாம, ஊசி இல்லாம வந்த அம்பது. உலகத்துக்கே சொல்லியிருக்கலாம். இனிமே உங்க பேர் இருக்கிற தாளை யாரு நம்புவாங்க?"

அவர் புட்டியை மேஜையிலேயே விட்டுவிட்டு எழுந்து போனார். தலைவர் தடுக்கவில்லை. விசாரணைக்கு எழுதச் சொன்னார். அறுபது பேரையும் புதிதாக நடக்க வைக்கச் சொன்னார். பிறகு பேனா மூடியைக் கழற்றினார்.

"திங்கட்கிழமை மேஜை யாருக்கு?"

"ஏழாம் வார்டு அம்மாவுக்கு" என்றார் டாக்டரம்மா.

"பலூனே போடுங்க" என்று கையெழுத்திட்டார் தலைவர். மணி 4.50.

திங்கட்கிழமை, பகல் 11.40.

சிகிச்சை அறையில் டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். கண்டக்டருக்கு முகமூடி மாட்டி, கதவோரம் நிற்க விட்டிருந்தார்கள். சல்லடைக்கு அங்கே வேலை இல்லை. ஆனாலும் வந்திருந்தாள்.

டாக்டரம்மா பேனா போன்ற ஒரு கருவியை எடுத்து அந்த அம்மாவின் பாதத்தின்மேல் வைத்தார். முதலில் கரகரப்பு. கருவியை ஒரு மயிரிழை நகர்த்தினார். அறை முழுக்க ஒரு சத்தம் எழுந்தது. உஷ்ஷ். உஷ்ஷ். உஷ்ஷ். சீராக, அழுத்தமாக.

"என்ன டாக்டர் இது, இவ கால்லேருந்து இவ்வளவு இரைச்சல்?" என்றார் கண்டக்டர்.

"ரத்தம். விரல் நுனி வரைக்கும் போகுது."

அந்த அம்மா மயக்கம் தெளியாத கண்களோடு கூரையைப் பார்த்தபடி கேட்டாள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அவருக்குக் காது மந்தம் டாக்டரம்மா," என்றாள். "சத்தமா வைங்க."

டாக்டரம்மா கருவியின் ஒலிக்குமிழைக் கடைசி வரைக்கும் திருகினார். சத்தம் கதவைத் தாண்டி வராந்தாவுக்குப் போனது.