அலுமாரியில் ஒளித்த குளிசைப் போத்தல்

சொதிச் சட்டியை அப்படியே பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் கவிழ்த்தாள் அன்னபாக்கியம்.

"உப்பைக் கொட்டிக் கொட்டித்தானே என்ர பிள்ளையைச் சாக்காட்டுறாய்!"

"மாமி, நான் உப்பே தொடுறேல்லை..."

"அப்ப ஏனடி பிறஷர் இறங்குதில்லை? டொக்டரும் குளிசையைக் கூட்டிக்கொண்டுதானே போறார்!"

டோறின் கணவனைப் பார்த்தாள். முந்தின நாள் தான் வேலை செய்யும் எல்லர்ஸ்லி அலுவலகப் படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்த அன்றூ, தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. டோறினுக்கு அது தெரிந்ததே தாலி ஏறிய பிறகுதான். அவன் தங்கை மெலனிக்குச் சம்பந்தம் முடியும்வரை மூச்சு விடக்கூடாது என்று மாமி இருவரிடமும் சத்தியம் வாங்கியிருந்தாள். வலிப்புக் குளிசைக்கு தூரத்து மனுகாவ் பகுதியில் ஒரு வெள்ளைக்கார டொக்டர். பிறஷருக்குக் கோயிலில் ஞாயிறு பூசைக்குப் பக்கத்து வாங்கில் இருக்கும் நோபேட் டொக்டர். ஒருவர் கொடுப்பது மற்றவருக்குத் தெரியாது.

டோறின் அலுமாரியில் சேலைகளுக்கு அடியிலிருந்த வலிப்புக் குளிசைப் போத்தலை எடுத்தாள்.

"காரில ஏறுங்கோ, ரெண்டு பேரும். நோபேட் டொக்டரிட்டப் போறம்."

"ஐயோ, மெலனியின்ர வாழ்க்கையை நாசமாக்கப் போறியா!"

"மகன் செத்தால் மட்டும் சம்பந்தம் ஓடி வருமோ!"

போத்தலைக் கண்டதும் டொக்டரின் முகம் சிவந்தது.

"அன்றூ, உமக்கென்ன விசரோ? இதைக் குடிச்சால், நான் தாற பிறஷர் குளிசையை ஈரல் கெதியா உடைச்சு எறிஞ்சுபோடும். எவ்வளவு கூட்டினாலும் இரத்தத்தில நிக்காது. அதுதான் இருதயம் இந்தப் பாடு படுது!" பிறகு சற்றுத் தணிந்தார். "இதை நீரா நிப்பாட்டிப்போடாதையும், வலிப்பு வந்திடும். நான் பிறஷர் குளிசையை மாத்திறன்."

"அப்ப... சாப்பாட்டில பிழையில்லையோ டொக்டர்?"

"பிழை ஒளிச்சதிலதான், அம்மா."

"கேட்டீங்களோ மாமி? கொலைகாரி எண்டு எத்தனை நாள்..." டோறின் மாமிக்கு நேரே திரும்பினாள்.

"நான் வாய் திறந்திருக்கோணும்..." அன்றூ விம்மினான்.

"இப்ப அழுங்கோ!" என்று சீறினாள் டோறின்.

வெளியே, மெலனிக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த புஷ்பவதி இருமலுக்கு மருந்தெடுக்கக் காத்திருந்தாள்.

"என்னக்கா, காலங்காத்தால குடும்பமா வந்திருக்கிறியள்? ஆருக்குச் சுகமில்லை?"

அன்னபாக்கியம் டோறின் கையிலிருந்த போத்தலைப் பறித்தாள். ஒளிக்கத்தான் என்று டோறின் நினைத்தாள்.

அன்னபாக்கியம் அதை எல்லோருக்கும் தெரிய உயர்த்திப் பிடித்தாள்.

"என்ர மகனுக்குச் சின்னனிலயிருந்து வலிப்பு, புஷ்பவதி. மாப்பிள்ளை வீட்டில போய்ச் சொல்லு. நான் ஒளிச்சு அவனைக் கொல்லப் பாத்தனான், என்ர மருமகள்தான் காப்பாத்தினவள் எண்டும் சொல்லு!"

டோறினுக்குக் கோபம் ஆறவில்லை. ஆனாலும் உயர்த்திய அந்தக் கையைப் பிடித்து இறக்கி, மாமியின் தோளில் முகம் புதைத்து ஓவென்று அழுதாள்.