கிரேவிக்கு யாரும் சொல்லித்தராதது

வியாழக்கிழமை காலை சார்ஜென்ட் ஸ்ட்ரிக்லண்ட் தன் நாயோடு வந்து நின்றபோது பெட்டிஃபர்ட் அவித்த வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அவருடைய அறை படைவீரர் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், சலவை அறைக்குப் பக்கத்தில் இருந்தது. நோயாளிகளின் புகார்களைக் கேட்பது அவர் வேலை. அதற்கு முன் ராணுவப் போலீஸில் துப்பறிவாளராக இருந்தார். அங்கே எல்லோரும் பொய் சொன்னார்கள். இங்கே வருகிறவர்கள் உண்மையைச் சொன்னார்கள், அதுவும் நீளமாக.

"திங்கட்கிழமை இவனைப் பிடுங்கிட்டுப் போகப்போறாங்க," என்றார் ஸ்ட்ரிக்லண்ட். குரல் தேவைக்கு மேல் உரக்க வந்தது. குவைத் பாலைவனத்தில் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று காதைத் தொலைத்தவர். இரண்டு காதிலும் கருவி மாட்டியிருந்தார். "நான் ஒண்ணும் பண்ணல சார். அதை எப்படி நிரூபிக்கிறதுன்னுதான் தெரியல."

நாயின் பெயர் கிரேவி. பழுப்பு லாப்ரடார். வயிறு கொஞ்சம் தொங்கியது. அது பெட்டிஃபர்ட்டின் கடலைத் தோலை முகர்ந்து பார்த்துவிட்டு, எஜமானின் காலணி மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது.

டாக்டர் ரௌன்ட்ரீயின் ஆய்வில் கொடுத்த நாய் அது. போர்க்களக் கனவுகளால் தூங்க முடியாதவர்களுக்குப் பயிற்சி பெற்ற நாய் மருந்தாகுமா என்று பார்க்கும் ஆய்வு. சீட்டுக் குலுக்கி, பாதிப் பேருக்கு இப்போதே நாய் கொடுத்தார்கள். மீதிப் பேர் காத்திருக்க வேண்டும். ஆய்வு முடிந்ததும் அவர்களுக்கும் கிடைக்கும். தூக்கத்தில் ஆள் அலறினால் நாய் கட்டிலில் ஏறி, மார்பில் முன்கால்களை வைத்து அழுத்தி, முகத்தை நக்கி எழுப்பிவிடும். ஒரு ஆளுக்கு ஒரு நாய் என்பது கண்டிப்பான விதி. இரவல் கொடுக்கக் கூடாது, வேட்டைக்குக் கூட்டிப்போகக் கூடாது. மீறினால் நாய் திரும்பப் போய்விடும்.

ஆய்வுக்கூடத்தில் எடை பார்த்தபோது கிரேவி ஏறிக்கொண்டே போனான். பகலில் தூங்கி வழிந்தான். கால் விரல்களுக்கு நடுவில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. மான் வேட்டைப் பருவம் வேறு தொடங்கிவிட்டது. ஸ்ட்ரிக்லண்ட் இவனை வேட்டைக்குக் கூட்டிப்போகிறார் என்ற முடிவுக்கு டாக்டர் வந்துவிட்டாள்.

பெட்டிஃபர்ட் கடலைப் பொட்டலத்தை ஓரமாக வைத்தார். தூக்கம் எப்படி என்று கேட்டார்.

"கல்லு மாதிரி தூங்கறேன். கருவியைக் கழட்டி வெச்சுட்டுப் படுத்தா காலைலதான் முழிப்பு. வசந்த காலத்துக்கு அப்புறம் ஒரு கெட்ட கனவு வரல." அவர் நாயைப் பார்த்தார். "இவன் வர்றதுக்கு முன்னாடி நான் குளியல் தொட்டியில படுப்பேன் சார். கதவைச் சாத்திக்கிட்டு. அங்க திரும்பிப் போக என்னால முடியாது."

மூலையில் உட்கார்ந்திருந்த டார்லா லாக்லியர் முன்னால் நகர்ந்தாள். மருத்துவமனை வேன் ஓட்டுகிறவள். நோயாளிகளை இறக்கிவிட்டு அடுத்த நடை வரும்வரை இங்கேதான் இருப்பாள். யாரையாவது பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று எப்போதும் ஆசை அவளுக்கு. மனைவியோடு சண்டையா, சாவி யாரிடமாவது இருக்கிறதா, பக்கத்து வீட்டில் யார் என்று ஸ்ட்ரிக்லண்டைக் கேட்டுத் துளைத்தாள். மனைவி போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன, சாவி யாரிடமும் இல்லை என்றார் அவர். பின்வேலிக்கு அந்தப் பக்கம் ட்ராஸ்க் என்று ஒரு மரீன், கப்பலில் போய்ச் சண்டை போட்ட ஆள்.

"அவனும் இந்த ஆய்வுல பேர் குடுத்தான். குலுக்கல்ல எனக்கு விழுந்துச்சு, அவனுக்கு விழல. கிரேயான் தின்னுட்டு சீட்டு எடுத்தா அப்படித்தான் ஆகும்னு சொன்னேன். அன்னைல இருந்து பேச்சு இல்ல."

ஸ்ட்ரிக்லண்ட் மாதிரித் தரைப்படைக்காரன் மரீனைப் பார்த்தால், குழந்தைகளின் வண்ண மெழுகுக் குச்சியைத் தின்கிற மக்கு என்ற பொருளில், கிரேயான் தின்னி என்பான். சிரித்துவிட்டுப் போகவேண்டிய கேலி. ட்ராஸ்க் சிரிக்கவில்லை போலிருக்கிறது.

அப்போது வெளியே யாரோ காலால் கதவை இடித்தார்கள். காபி கொண்டுவரும் தொண்டர் பெண்மணி. அவளும் பழைய மரீன், வாயில் இன்னும் முகாம் பேச்சு போகவில்லை. "யாராவது ஹாட்ச்சைத் திறங்கப்பா, ரெண்டு கையும் சுடுது."

டார்லா எழுவதற்குள் கிரேவி எழுந்துவிட்டான். நேராகப் போய், பின்னங்காலில் நின்று, முன்காலால் கதவின் பிடியை அழுத்தித் திறந்தான். காபிக்காரி அவனுக்கு நன்றி சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள்.

பெட்டிஃபர்ட் சிரிக்கவில்லை. குனிந்து நாயின் கழுத்தை முகர்ந்தார். "சார்ஜென்ட், உங்களுக்கு மூட்டு வலி உண்டா? தைலம் தேய்ப்பீங்களா?"

"தேய்க்கறதில்ல. அந்த வாடையே எனக்கு ஆகாது."

மாலையில் பெட்டிஃபர்ட் மாடிக்குப் போய் டாக்டர் ரௌன்ட்ரீயைப் பார்த்தார். டாக்டர் கெட்டவள் அல்ல. இந்த நாய்கள் உதவுகின்றன என்று எண்களில் காட்டிவிட்டால், நாடு முழுக்கப் படைவீரர்களுக்கு நாய் கிடைக்கும். அதற்காகப் பல வருஷமாகப் போராடுகிறவள். ஒரு ஆள் விதியை மீறினால் எல்லோர் நாயும் போய்விடுமே என்ற பயம் அவளுக்கு. களைத்துப்போய் ஒரு விஷயத்தைப் புலம்பினாள். காத்திருக்கிறவர்களில் ஒருவர் மட்டும், நாயும் இல்லாமல் மருந்தும் மாறாமல், நன்றாகத் தூங்க ஆரம்பித்திருக்கிறார். பேர் சொல்லக் கூடாது, ஆனால் கணக்கையே அவர் குழப்புகிறார். பெட்டிஃபர்ட் பேர் கேட்கவில்லை. பயிற்சியில் நாய்களுக்கு என்னென்ன சொற்கள் சொல்லித்தருவார்கள் என்று கேட்டார். பிறகு, சனிக்கிழமை மதியம் ஸ்ட்ரிக்லண்ட் வீட்டுக்கு வரமுடியுமா என்றார்.

சனிக்கிழமை வேனில் போகும்போது டார்லா தன் தீர்ப்பைச் சொன்னாள். "வேட்டைதான் சீஃப். ராத்திரி கூட்டிப் போறார். பகல்ல நாய் தூங்குது. இதுல என்ன இருக்கு?"

"வேட்டைக்குப் போற நாய் இளைக்கும், டார்லா. இவன் பெருத்திருக்கான்."

அவள் அடுத்த சிக்னலில் வண்டியை ஸ்ட்ரிக்லண்டின் தெருவுக்குத் திருப்பினாள்.

ஸ்ட்ரிக்லண்டின் கொல்லை முழுவதும் பைன் ஊசிகள் மெத்தையாகக் கிடந்தன. பின்கதவு பிடியை அழுத்தினால் திறக்கும், விட்டால் ஸ்பிரிங் இழுத்துச் சாத்திக்கொள்ளும். வேலியில் ஒரு பலகை ஆணி கழன்று தொங்கியது. அந்தச் சந்து வழியாகப் பார்த்தால் ட்ராஸ்க்கின் கொல்லை. நொறுக்கிய சிப்பி ஓடு பரப்பிய வெள்ளைப் பாதை அவன் படி வரை போனது. டார்லா அதைப் பார்த்தாள், நாயின் காலைப் பார்த்தாள்.

"அந்த மரீன் திருடறான்," என்றாள் மெதுவாக.

"திருடல. வா."

டாக்டரும் வந்து சேர்ந்தாள். அவர்கள் தெருவைச் சுற்றிக்கொண்டு ட்ராஸ்க்கின் வீட்டுக்குப் போனபோது அவன் பின்படியில் உட்கார்ந்து முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான். நாற்பதைத் தாண்டிய ஆள், கழுத்து தடித்தவன். நான்கு பேரும் ஒரு நாயும் வருவதைப் பார்த்ததும் முகம் இறுகிவிட்டது. அந்த நாயை நான் தொட்டதே இல்லை என்றான், யாரும் கேட்பதற்கு முன்பே.

கிரேவி போய் அவன் முழங்காலில் தாடையை வைத்தான்.

பெட்டிஃபர்ட் படியில் உட்கார்ந்தார். குரலை உயர்த்தவில்லை. ஸ்ட்ரிக்லண்டுக்குக் கேட்கவேண்டும் என்பதற்காக அவர் பக்கம் திரும்பிப் பேசினார்.

"இவன் என் ஆபீஸ்ல ஒரு வார்த்தைக்குக் கதவைத் திறந்தான். ஹாட்ச். கப்பல்ல கதவுக்கு அதான் பேரு. கடற்படைக்காரனும் மரீனும் வீட்டுக்கதவையும் அப்படித்தான் சொல்லுவான். தரைப்படைக்காரன் செத்தாலும் சொல்லமாட்டான். சார்ஜென்ட் சொல்லித் தரல. நாய்க்குப் பயிற்சி குடுத்தவங்களும் தரலன்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கிட்டேன். அப்போ ஒரு மரீன் வீட்டுக்கு இவன் அடிக்கடி போறான். கழுத்துல தைல வாடை. கால்ல சிப்பிப் பொடி."

"அப்ப கூப்பிட்டிருக்கான்ல," என்றார் ஸ்ட்ரிக்லண்ட். அவர் கழுத்து சிவந்துவிட்டது.

"கூப்பிட்டது உண்மைதான். ஆனா அவருக்கே தெரியாம. உங்க கனவு நின்னுபோச்சு சார்ஜென்ட். இவனுக்கு உங்க வீட்டுல வேலை இல்ல. நீங்க கருவியைக் கழட்டி வெச்சுட்டுத் தூங்கறீங்க. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் ராத்திரில அலறுறார். உங்களுக்குக் கேட்கல. இவனுக்குக் கேட்டுது. தூக்கத்துல ஆள் கத்தினா போய் எழுப்புன்னு இவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கீங்க, டாக்டர். எந்த ஆள்னு யாரும் சொல்லிக் கொடுக்கல."

டாக்டர் ரௌன்ட்ரீ ட்ராஸ்க் பக்கம் திரும்பினாள். தன் கணக்கைக் குழப்பியவன் எப்படித் தூங்கினான் என்று அவளுக்கு இப்போதுதான் புரிந்தது.

ட்ராஸ்க் தைல மூடியைத் திருகித் திருகி மூடினான். வெயில் காலத்தில் ஜன்னலைத் திறந்துவைத்துப் படுத்தானாம். முதல் தடவை மார்பில் ஏதோ ஏறி அழுத்தியபோது செத்துவிட்டோம் என்றே நினைத்தானாம். கண்ணைத் திறந்தால் இந்த மூஞ்சி. குளிர் வந்து ஜன்னலைச் சாத்தியபின் நாய் படியில் நின்று சுரண்டியது. பிறகு ஹாட்ச்சைத் திற என்று அவன் உள்ளிருந்து சொன்னால், தன் வீட்டுக் கதவைப்போலவே பிடியை அழுத்தித் திறக்கக் கற்றுக்கொண்டது.

"பன்றிக்கறி போட்டேன். ஒவ்வொரு தடவையும். வேற என்ன செய்யறதுன்னு தெரியல." அவன் டாக்டரைப் பார்க்கவில்லை. "சொன்னா இவனை எடுத்துட்டுப் போயிடுவீங்க. அதான் வாயைத் திறக்கல."

இரண்டு பேரையும் ஆய்விலிருந்து நீக்கித்தான் ஆகவேண்டும் என்றாள் டாக்டர். வேறு வழி இல்லை. ஆனால் நாயை யாரும் இரவல் கொடுக்கவில்லை, வேட்டைக்குக் கூட்டிப்போகவில்லை. விதி எதுவும் மீறப்படவில்லை. கிரேவி சார்ஜென்ட்டிடமே இருக்கலாம்.

"அப்ப எனக்கு வரவேண்டிய நாய்?" என்றான் ட்ராஸ்க்.

ஆய்வில் இல்லாதவருக்குத் தன்னால் கொடுக்கமுடியாது என்று டாக்டர் சொன்னாள். சொல்லும்போது அவளுக்கே அது பிடிக்கவில்லை. அடுத்த ஆய்வுக்கு எழுதிப்போடுவேன் என்றாள். அது எப்போது என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஸ்ட்ரிக்லண்ட் காதுக் கருவியைச் சரிசெய்வதுபோல் நின்றார். அவருக்கு எல்லாம் கேட்டிருந்தது.

"எனக்குக் கேட்டிருந்தா நானே வந்திருப்பேன்," என்றார்.

"நீ வந்து மார்ல ஏறியிருந்தா சுட்டிருப்பேன்."

"அதுவும் சரிதான்." ஸ்ட்ரிக்லண்ட் அந்தத் தைல டப்பாவைப் பார்த்து முகம் சுளித்தார். "பன்றிக்கறியைக் குறை, மரீன். அவன் மூட்டு போயிடும். கேரட் குடு. கிரேயான் மாதிரிதான் இருக்கும், உனக்கும் பிடிக்கும்."

இந்தத் தடவை ட்ராஸ்க் சிரித்துவிட்டான்.

டாக்டர் போனபின் டார்லாவும் பெட்டிஃபர்ட்டும் வேனுக்கு நடந்தார்கள். டார்லா யாரையும் பிடித்துக் கொடுக்காத வருத்தத்தில் இருந்தாள். பின்னால் மரம் பிளக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். ஸ்ட்ரிக்லண்ட் நேர் வழியாக வீட்டுக்குப் போக வேலிச் சந்தில் நுழையப் பார்த்து, தொப்பை தடுக்கவே, இரண்டாவது பலகையையும் பிடுங்கிக்கொண்டிருந்தார். ட்ராஸ்க் அந்தப் பக்கமிருந்து காலால் உதைத்து உதவினான். கிரேவி நடுவில் நின்று யாரோடு போவது என்று தெரியாமல் வாலை ஆட்டினான்.